சீருடையின் குரலும் சாமானியரின் அச்சமும்

2025-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான ஆணையைப் பிறப்பித்தது. 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில் நாடெங்கும் நடந்துவரும் மோசடிகளை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என்பதே அந்த ஆணை. யாரும் வழக்குத் தொடுக்காமலேயே இதை நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்துக்கொண்டது. அதற்கான காரணம் நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய ஒன்று. அரியானா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியர், ஒரு கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தங்கள் வாழ்நாள் சேமிப்பை மோசடிக்காரர்களிடம் பறிகொடுத்தனர். அவர்களை நம்ப வைத்த கருவி கத்தியோ துப்பாக்கியோ அல்ல. உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே, நீதிபதிகளின் கையெழுத்தோடும் முத்திரையோடும் போலியாகத் தயாரிக்கப்பட்ட ஆணைகள்தாம் அவை. நீதி கேட்டுப் போகவேண்டிய இடத்தின் பெயரே அநீதிக்குக் கருவியாகிவிட்டது.

ஏமாந்தவர்களின் பேராசையே காரணம் என்று சொல்லி இத்தகைய செய்திகளைக் கடந்துபோவது எளிது. ஆனால் அது உண்மையல்ல. குறுக்கு வழியில் பணம் சேர்க்க நினைத்தவர்கள் ஏமாந்த மோசடிகள் உண்டு. இதுவோ சட்டத்துக்குப் பயந்தவர்கள், அரசை மதிப்பவர்கள், 'போலீஸ்' என்ற சொல்லைக் கேட்டாலே கை நடுங்குகிறவர்கள் ஏமாறும் மோசடி. ஆகவே இதில் கேள்விக்குள்ளாவது தனி மனிதரின் பணம் மட்டுமல்ல. அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையே இருக்கவேண்டிய நம்பிக்கையும்தான்.

சட்டத்தில் இல்லாத கைது

முதலில் இந்த மோசடி எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஓர் அழைப்பு வருகிறது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது என்றோ, உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு கருப்புப் பணம் கைமாறியிருக்கிறது என்றோ சொல்கிறார்கள். அடுத்து வீடியோ அழைப்பு. திரையில் காக்கிச் சீருடை, பின்னால் காவல் நிலையம் போன்ற அறை. 'நீங்கள் இப்போது டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். கேமராவை அணைக்கக் கூடாது. மனைவியிடமோ பிள்ளைகளிடமோ சொல்லக் கூடாது' என்று மிரட்டுகிறார்கள். இறுதியில் 'விசாரணை முடியும்வரை உங்கள் பணத்தை அரசின் பாதுகாப்புக் கணக்கில் போடுங்கள்' என்கிறார்கள். மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில் இந்தச் சிறைவாசம் தொடர்கிறது. கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பவரால் வெளியே வர இயலவில்லை.

படிக்காத மக்கள்தாம் இதில் சிக்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், லூதியானாவில் பெரும் ஜவுளி நிறுவனக் குழுமம் ஒன்றின் 82 வயதுத் தலைவரிடமிருந்து 7 கோடி ரூபாய் இப்படிப் பறிக்கப்பட்டது. அவருக்காகப் போலியான உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றையே இணையவழியில் நடத்திக் காட்டினார்கள். அதில் அன்றைய தலைமை நீதிபதியைப் போலவே ஒருவர் ஆள்மாறாட்டம் செய்தார். பிறகு காவல்துறையின் விரைவான நடவடிக்கையால் 5 கோடி ரூபாய்க்கு மேல் மீட்கப்பட்டது.

நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த விவரங்களின்படி, 2024-இல் மட்டும் டிஜிட்டல் கைது மற்றும் அதைச் சார்ந்த குற்றங்களாக 1,23,672 புகார்கள் பதிவாயின. இழந்த தொகை சுமார் 1,935 கோடி ரூபாய். எல்லா வகை இணைய மோசடிகளையும் சேர்த்தால் 2023-இல் 7,465 கோடியாக இருந்த இழப்பு, 2024-இல் 22,845 கோடி ரூபாயாக உயர்ந்தது. ஒரே ஆண்டில் மும்மடங்கு!

ஆனால் நம் நாட்டின் எந்தச் சட்டத்திலும் 'டிஜிட்டல் கைது' என்ற ஒன்று இல்லை. பிரதமர் தமது 2024 அக்டோபர் 27 வானொலி உரையிலேயே இதைத் தெளிவாக்கினார். கைது செய்கிற அதிகாரி பெயர்ப்பட்டையோடு நேரில் வரவேண்டும், கைதுக் குறிப்பு எழுதி அதில் சாட்சியின் கையொப்பம் பெறவேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே டி.கே. பாசு வழக்கில் வகுத்துத் தந்தது. விசாரணைக்கு அழைக்கும் அறிவிப்பைக்கூட வாட்ஸ்அப் வழியாக அனுப்புவது முறையான வழியாகாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் கூறிவிட்டது. கைதை உறவினருக்குத் தெரிவி என்பது சட்டம். யாரிடமும் சொல்லாதே என்பது மோசடி. இந்த ஒரு வேறுபாட்டை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவைத்தாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

குரலும் களவு போகும் காலம்

இதுவரை சொன்ன மோசடிக்குச் செயற்கை நுண்ணறிவு தேவைப்படவில்லை. ஒரு வாடகைச் சீருடையும் ஓர் அறையும் சற்று நடிப்புத்திறனும் போதுமானவையாக இருந்தன. இப்போது அதோடு புதிய கருவியும் சேர்ந்திருக்கிறது. மூன்று வினாடிக் குரல் மாதிரி இருந்தாலே ஒருவர் பேசுவதுபோல் பேசவைக்க முடியும் என்று மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் காட்டினார்கள். மூன்று வினாடி என்பது 'அலோ, யாருங்க பேசறது?' என்று கேட்கும் நேரம்தான். குரல் நகலெடுப்பு மோசடி குறித்து 2024-இல் தமிழ்நாடு காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவும் மக்களை எச்சரித்தது.

தமிழக மக்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. 2024 ஜனவரியில், மறைந்த கலைஞர் கருணாநிதி உருவும் குரலுமாகத் திரையில் தோன்றி ஒரு நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கினார். அடுத்த மாதம் 24-ஆம் நாள், ஜெயலலிதாவின் பிறந்தநாளில் அவரது குரலில் உருவாக்கப்பட்ட உரை ஒன்றை அவரது கட்சியினர் வெளியிட்டனர். தொண்டர்கள் உணர்ச்சிவசப்பட்டனர்; நாமும் வியந்தோம். ஆனால் இறந்தவரைப் பேசவைக்க முடியும் என்றால், உயிரோடிருப்பவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவது எத்தனை எளிது என்ற கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

பிறர் குரலில் பேசி ஏமாற்றுவது மனித குலம் அறிந்த பழைய சூழ்ச்சியே. இராமாயணத்தில் மாரீசன் இராமனின் குரலில் அலறியதால்தான் சீதை காவலின்றித் தனித்து விடப்பட்டாள். விவிலியத்திலோ கண் மங்கிய ஈசாக்கு, வந்தவனின் குரலில் ஐயம் கொண்டபோதிலும், கையைத் தடவிப் பார்த்து ஆட்டுத் தோலை நம்பி ஏமாந்தார். முன்னதில் குரல் ஏமாற்றியது. பின்னதில் குரல் உண்மையைச் சொல்லியும் மற்ற அடையாளம் ஏமாற்றியது. ஆக, ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பது நம் முன்னோர் கதைகளிலேயே இருக்கிற பாடம். அன்று இதற்கு ஒரு மாயாவியோ ஒரு தாயின் தந்திரமோ தேவைப்பட்டது. இன்று ஒரு கைப்பேசியும் சில நூறு ரூபாயும் போதும்.

நம் பகுதி மக்களுக்கு இதில் தனியான ஆபத்து ஒன்றும் உண்டு. இதுநாள்வரை மோசடி அழைப்புகள் பெரும்பாலும் இந்தியிலோ, தட்டுத் தடுமாறும் ஆங்கிலத்திலோ வந்தன. 'புரியவில்லை' என்று இணைப்பைத் துண்டித்த நம் பாட்டிமார்களுக்கு மொழி தெரியாததே அரணாக இருந்தது. செயற்கை நுண்ணறிவு அந்த அரணை இடித்துவிடும். அதற்குத் தமிழ் தெரியும். நாளை பென்னாகரத்துப் பேச்சும் தெரியலாம்.

அரசு அலுவலகங்களே இலக்கு

இந்த ஆள்மாறாட்டம் சாமானியரை மட்டும் குறிவைக்கவில்லை. 2025 ஜூன் மாதம், அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோவின் குரலைச் செயற்கையாக உருவாக்கிய ஒருவர், மூன்று நாடுகளின் வெளியுறவு அமைச்சர்களையும், ஓர் அமெரிக்க மாநில ஆளுநரையும், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரையும் 'சிக்னல்' செயலி வழியாகத் தொடர்புகொண்டார். அதற்கு முன்னர் பிப்ரவரியில் இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சரின் குரலில் அந்நாட்டுத் தொழிலதிபர்களுக்கு அழைப்புகள் சென்றன. ஒருவர் சுமார் பத்து லட்சம் யூரோவை அனுப்பியும்விட்டார். ஹாங்காங்கில் 2024 தொடக்கத்தில் 'அரூப்' என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வீடியோ கூட்டத்தில் தம் மேலதிகாரிகளைக் கண்ணால் கண்டபிறகே 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர மற்ற எவரும் உண்மையானவர் அல்லர்!

நம் நாட்டிலும் நிலை வேறல்ல. 2022-இல் அன்றைய தமிழகக் காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபுவின் படத்தை வைத்துக்கொண்டு, அவர் கேட்பதுபோல 'அமேசான்' பரிசுக் கூப்பன் கேட்டுச் செய்திகள் பரவின. அவரே காணொலியில் தோன்றி எச்சரிக்க வேண்டியதாயிற்று. 2024 ஆகஸ்டில் அன்றைய இந்தியத் தலைமை நீதிபதியின் பெயரில், வாடகை வண்டிக்கு 500 ரூபாய் வேண்டும் என்று ஒருவர் சமூக ஊடகத்தில் கேட்டார். உச்ச நீதிமன்றம் தில்லிக் காவல்துறையில் புகார் கொடுத்தது. மேலதிகாரி கேட்டால் கீழ்நிலை ஊழியர் மறுக்கமாட்டார் என்பதே இத்தகைய மோசடியின் அடிப்படை. மாவட்ட ஆட்சியரின் படம் மாவட்ட இணையதளத்திலேயே இருக்கிறது. அவர் பேசிய காணொலிகள் யாருக்கும் கிடைக்கின்றன. நாளை ஒரு கிராம நிர்வாக அலுவலருக்கோ ஊராட்சிச் செயலருக்கோ ஆட்சியரின் குரலிலேயே 'அந்தப் பட்டியலை உடனே அனுப்புங்கள்' என்று அழைப்பு வந்தால், திருப்பிக் கேட்கும் துணிவு அவருக்கு இருக்குமா?

ஆள்மாறாட்டம் செய்பவருக்கு நம் பெயர், வயது, ஆதார், குடும்ப உறுப்பினர் விவரம் தெரிந்திருந்தால்தான் அவர் பேச்சு எடுபடும். இந்த விவரங்கள் அவருக்கு எப்படிக் கிடைக்கின்றன? அரசுக் கணினிகளின் பாதுகாப்பு பற்றிய கேள்வி இங்குதான் எழுகிறது.

2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது. இது பற்றிய செய்தி அக்டோபரில் வெளியானபோது நிலைய நிர்வாகம் முதலில் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் அமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் விளக்கியது. 2021 செப்டம்பரில் தமிழக அரசின் பொதுத்துறையின் கணினிகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பிணைத்தொகை கேட்டார்கள். 2022 நவம்பர் 23-ஆம் நாள் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் இதேபோலத் தாக்கப்பட்டன. அதனால் ஏறக்குறைய இரு வாரங்கள் நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுதினார்கள். வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில், ஒரு நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கைப்பற்றி அந்நியர் நுழைந்ததைக் காவல்துறை ஒப்புக்கொண்டது.

இவற்றில் இரண்டு பாடங்கள் உள்ளன. கூடங்குளம் தப்பியதும் எய்ம்ஸ் திணறியதும் ஒரே காரணத்தால்தான்: ஒன்றில் சுவர் இருந்தது, மற்றதில் இல்லை. எல்லா அறைகளுக்கும் ஒரே சாவி என்றால், ஒரு திருடன் போதும் வீட்டையே காலி செய்ய. இரண்டாவது, மறைப்பது நம்பிக்கையைக் குலைக்கும். எங்கே ஓட்டை விழுந்தது, யாருடைய விவரங்கள் போயின என்று உடனே சொன்னால், 'உங்கள் ஆதார் எண் எங்களிடம் இருக்கிறது' என்று அழைப்பு வரும்போது மக்கள் விழிப்போடு இருப்பார்கள்.

தருமபுரி மண்ணின் அச்சம்

இந்தச் செய்திகளெல்லாம் தில்லிக்கும் ஹாங்காங்குக்கும் உரியவை என்று நாம் ஒதுங்க இயலாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. தமிழகத்தின் மாவட்டங்களில் அதுவே மிகக் குறைவு. நம் இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். அரூரிலும் பாலக்கோட்டிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் வீடுகளில் இருப்பவர்கள் முதியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். மகன் வாங்கித் தந்த கைப்பேசி கையில் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லித்தர மகன் அருகில் இல்லை. 'உன் மகன் விபத்தில் மாட்டியிருக்கிறான்' என்று ஒரு குரல் அழுதால், அது எந்தக் குரல் என்று ஆராயும் நிலையிலா இருப்பாள் ஒரு தாய்?

அரசின் உதவிகளெல்லாம் இப்போது வங்கிக் கணக்குக்கும் கைப்பேசிக்கும் வருகின்றன. மகளிர் உரிமைத்தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24-ஆம் நாள் நம் மாவட்டத்தின் தொப்பூரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. இடைத்தரகர்களின் கை ஓரளவு கட்டப்பட்டது. ஆனால் ஆதார் எண் கொடு, ஓ.டி.பி. சொல் என்று அரசு முகாமில் கேட்டுப் பழகிய மக்களிடம், அதே சொற்களை மோசடிக்காரர் கேட்கும்போது வேறுபாடு தெரிவதில்லை. விவசாயிகளுக்கான பி.எம். கிசான் திட்டத்தின் பெயரில் வாட்ஸ்அப்பில் போலிச் செயலிகள் உலவின. பெற்றோரிடம் 'கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது' என்று பேசிப் பணம் பறிக்கிறார்கள்.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்றுண்டு. 1992 ஜூன் 20-ஆம் நாள் அரூரை அடுத்த வாச்சாத்தி மலைக்கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் நுழைந்து செய்த கொடுமைகளை இந்த மாவட்டம் மறக்கவில்லை. நீதிக்காக அந்தப் பழங்குடி மக்கள் 19 ஆண்டுகள் காத்திருந்தனர். 2011 செப்டம்பர் 29-ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் அதே செப்டம்பர் 29-ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அங்கே வந்தவர்கள் போலி அதிகாரிகள் அல்லர். உண்மையான சீருடை அணிந்தவர்கள்.

நாம் இங்கே இதை நினைவுகூர்வது பழைய புண்ணைக் கிளற அல்ல. சீருடையைக் கேள்வி கேட்கக் கூடாது, கேட்டால் ஆபத்து என்று ஏழை மக்கள் அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். அந்த அச்சத்தின்மேல்தான் மோசடிக்காரர் தம் வலையை விரிக்கிறார். உண்மையான அதிகாரி மரியாதையோடும் சட்டப்படியும் மட்டுமே பேசுவார் என்று மக்கள் அறிந்திருந்தால், மிரட்டும் குரலைக் கேட்ட மறுகணமே 'இவன் போலி' என்று கண்டுகொள்வார்கள். மிரட்டும் குரல் இரு தரப்புக்கும் பொதுவாக இருக்கும்வரை, மக்களுக்குப் போலியையும் அசலையும் பிரித்தறிய வழியில்லை. எனவே இணையப் பாதுகாப்பின் முதல் படி கணினியில் இல்லை. காவல் நிலையத்திலும் தாலுகா அலுவலகத்திலும் ஏழையிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதில் இருக்கிறது.

மறுமுனையில் இருப்பவர் யார்?

தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவரையும் எண்ணிப் பார்ப்போம். மியான்மர், கம்போடியா, லாவோஸ் எல்லைப் பகுதிகளில் உயர்ந்த மதில்களுக்குள் மோசடி முகாம்கள் இயங்கின. கணினி வேலை என்று ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் அங்கே அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். 2022 அக்டோபரில் அப்படி மியான்மரிலிருந்து மீண்டு வந்தவர்களில் தமிழக இளைஞர்கள் 13 பேர் இருந்தனர். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் மீட்டு வந்தன. ஏமாறுகிறவர் ஒரு வீட்டுப் பெற்றோர் என்றால், ஏமாற்றுகிறவர் மற்றொரு வீட்டின் அடிமைப்பட்ட பிள்ளை. இலாபம் மட்டும் மூன்றாவது ஒருவருக்கு.

பறிக்கப்படும் பணம் நேராக வெளிநாடு போவதில்லை. அது முதலில் நம் ஊர் இளைஞர்களின் வங்கிக் கணக்குகளில்தான் இறங்குகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தம் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் அடுத்தவருக்குக் கொடுப்பவர்கள் உண்டு. 2024 டிசம்பரில் தமிழக இணையக் குற்றப் பிரிவு 'திரைநீக்கு' என்ற பெயரில் நடத்திய நடவடிக்கையில் 76 பேரும், 2025 ஜூனில் அதன் இரண்டாம் கட்டத்தில் 136 பேரும் கைதாயினர். 'நான் ஏமாற்றவில்லை, கணக்கை மட்டும்தானே கொடுத்தேன்' என்பது சட்டத்தின் முன்னும் நிற்காது, மனச்சான்றின் முன்னும் நிற்காது. திருடனுக்கு ஏணி பிடித்தவனும் திருட்டில் பங்காளியே.

அரசு செய்ததும் செய்யவேண்டியதும்

அரசு வாளாவிருக்கிறது என்று சொல்வது நேர்மையாகாது. 1930 என்ற உதவி எண் நாடெங்கும் இயங்குகிறது. அரசு நிறுவனங்கள் உட்பட எவரும் தம் கணினி தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் விதி வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இந்திய எண்போலத் தோன்றும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாடு 2024 அக்டோபரில் தொடங்கியது. அரசு அனுப்பும் குறுஞ்செய்தியின் அனுப்புநர் பெயர் 'ஜி' என்ற ஆங்கில எழுத்தோடு முடியும் முறை 2025-இல் வந்தது. செயற்கையாக உருவாக்கப்பட்ட ஒலி, ஒளிக் காட்சிகளில் அதைத் தெரிவிக்கும் குறி இருக்கவேண்டும் என்ற விதிகளும் 2026 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. ஆயினும் குறியிடச் சொன்னால் குற்றவாளி குறியிடுவானா? சட்டம் நல்லவர்களை ஒழுங்குபடுத்தும். தீயவர்களைத் தடுக்க நிர்வாகம் மாறவேண்டும்.

முதலாவதாக, வாட்ஸ்அப் செய்தியையோ தொலைபேசிக் குரலையோ மட்டும் நம்பிப் பணமோ மக்களின் விவரங்களோ எந்த அலுவலகத்திலிருந்தும் வெளியே போகக் கூடாது. அலுவலக எண்ணுக்குத் திரும்ப அழைத்து உறுதி செய்த பிறகே செயல்பட வேண்டும். அப்படித் திருப்பிக் கேட்ட ஊழியரை மேலதிகாரி கடிந்துகொள்ளாமல் பாராட்ட வேண்டும்.

இரண்டாவதாக, தேவையற்ற விவரங்களைச் சேகரிக்கக் கூடாது. சேகரித்ததைத் திறந்து வைக்கக் கூடாது. பயனாளிகளின் பட்டியலை ஆதார் எண்ணோடு வாட்ஸ்அப் குழுக்களில் பகிரும் பழக்கம் நிற்கவேண்டும். நாம் சேகரிக்காத விவரத்தை எவராலும் நம்மிடமிருந்து திருட இயலாது.

மூன்றாவதாக, மாவட்டத்தின் ஒவ்வொரு கிராம சபையிலும் ஒரு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். 'அரசு உங்களை எப்படி அழைக்கும், எதை ஒருபோதும் கேட்காது' என்பதை எளிய தமிழில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி அதிகாரிகளே நேரில் சொல்லவேண்டும்.

நம் பங்கு

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கலாகாது. மோசடிக்காரரின் மிகப்பெரிய ஆயுதம் தனிமை. 'யாரிடமும் சொல்லாதே' என்ற கட்டளை இல்லாமல் அவரால் ஒரு ரூபாயும் பறிக்க முடியாது. ஆகவே இதற்கு மாற்று மருந்து குடும்பமும் அண்டை வீடும்தான்.

குடும்பத்தினர் தங்களுக்குள் ஒரு மறைசொல் வைத்துக்கொள்ளலாம். ஆபத்து என்று மகன் குரலில் அழைப்பு வந்தால் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும். தெரியாவிட்டால் இணைப்பைத் துண்டித்து, மகனின் பழைய எண்ணுக்கு நாமே அழைக்கவேண்டும். பணம் கேட்டு எந்த அழைப்பு வந்தாலும், வீட்டில் இன்னொருவரிடம் பேசாமல் முடிவெடுப்பதில்லை என்று உறுதி கொள்ளவேண்டும். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் திருவிழாவுக்கு வரும்போது பெற்றோரின் கைப்பேசியை வாங்கி, வேண்டாத செயலிகளை நீக்கி, 1930 என்ற எண்ணைப் பதிந்துவிட்டுச் செல்வது அவர்கள் வாங்கிவரும் புடவையைவிடப் பெரிய பரிசாக இருக்கும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. உடனே 1930-க்கு அழைத்தால், பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பெரும்பாலோர் வெட்கத்தால் தாமதிக்கிறார்கள். 'படிச்சவருதானே, இதுகூடத் தெரியலையா?' என்று ஊர் சிரிக்கும் என்ற பயம். இந்தச் சிரிப்பு மோசடிக்காரருக்குச் செய்யும் உதவி என்பதை நாம் உணர்வோம். வீட்டில் கன்னம் வைத்துத் திருடினால் நாம் வீட்டுக்காரரைப் பழிப்பதில்லை, ஆறுதல் சொல்கிறோம். இதற்கும் அதே ஆறுதல் உரியது. ஏமாந்தவர் வந்து சொல்லும்போது கேலி பேசாமல் செவிமடுக்கும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருந்தால், பல இழப்புகள் தடுக்கப்படும். சில உயிர்களும் காக்கப்படும்.

ஆலய வட்டாரமும் இதற்கு விலக்கல்ல. ஆயர், பங்குத்தந்தை, அருட்சகோதரி எவர் படத்தோடும் உதவி கேட்டுச் செய்தி வரலாம். 2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் வெள்ளை நிறக் குளிர்கால அங்கியில் நடப்பதுபோன்ற பொய்ப்படம் உலகையே சுற்றிவந்தது. திருத்தந்தை பதினான்காம் லியோ 2026-ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு மனிதக் குரல்களையும் முகங்களையும் காப்பதையே கருப்பொருளாகத் தேர்ந்தெடுத்தார். எனவே எங்கள் பெயரில் பணம் கேட்டு வரும் செய்தியையும் அப்படியே நம்பவேண்டாம். நேரில் வந்து கேளுங்கள். கேட்பதால் எவருடைய மரியாதையும் குறையாது.

கேள்வி கேட்பது அவமரியாதை அல்ல என்பதை நம் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கற்றுக்கொடுப்போம். 'ஐயா, உங்கள் பெயர் என்ன, எந்த நிலையம், நான் நேரில் வருகிறேன்' என்று ஓர் ஏழைத் தாய் அச்சமின்றிச் சொல்லும் நாளில் மோசடிக்காரரின் தொழில் பாதி முடங்கும். அதைக் கேட்கும் உண்மையான அதிகாரி சினம் கொள்ளாமல் 'வாங்கம்மா, உட்காருங்க' என்று சொல்லும் நாளில் மீதியும் முடங்கும். அந்த இரு நாள்களும் விரைவில் வர அவரவர் இடத்தில் நாம் உழைப்போம்.